டப்பாவைப் படிக்காத குற்றம்

கேள்வி: நார்வேயின் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசே யோஹாவ்க்கைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தீர்கள். ஸ்டீராய்டு சோதனையில் மாட்டி ஒன்றரை வருடம் தடை வாங்கியவர் அவர். "உதட்டுக்கு கிரீம் தடவினேன், அதில் இருந்து வந்துவிட்டது" என்றால் நம்பிவிடுவதா? யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்? தடைக்கு அப்புறம் வாங்கிய தங்கங்களுக்கு என்ன மதிப்பு?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கோபம் சரி. ஆனால் கேள்வியை அனுப்புமுன் தீர்ப்பை ஒரு தடவை பார்த்திருக்கலாம். கிரீம் கதையைச் சொன்னது யோஹாவ்க் மட்டுமல்ல. அவருடைய தடையைக் கூட்டிக்கொடுத்த சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றமும் அதை ஒப்புக்கொண்டது. சிக்கிய மருந்து க்ளோஸ்டெபால், அனபாலிக் ஸ்டீராய்டு வகை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நிரூபிக்க முடியாவிட்டால் நான்கு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதுதான். நிரூபித்தால் இரண்டு. கவனக்குறைவும் பெரிதாக இல்லை என்று காட்டினால் ஒரு வருடம் வரை இறங்கலாம். யோஹாவ்க்குக் கிடைத்தது 18 மாதம். அதாவது ஏமாற்றுக்காரி என்று யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

அதற்காக 'பாவம் அந்தப் பெண்' என்று உச்சுக்கொட்டும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். நடந்ததைப் பாருங்கள். 2016 கோடையின் கடைசியில் இத்தாலியின் லிவிஞ்ஞோ மலைப்பகுதியில் பயிற்சி முகாம். உயரத்து வெயிலில் உதடு வெந்து வெடித்துவிட்டது. அணியின் டாக்டர் உள்ளூர் மருந்துக் கடைக்குப் போய் ட்ரோஃபோடெர்மின் என்ற கிரீமை வாங்கி வந்தார். காயம் ஆறுவதற்கு இத்தாலியில் சாதாரணமாகக் கிடைப்பது. "இது தடைப் பட்டியலில் இருக்கிறதா?" என்று யோஹாவ்க் கேட்டார். இல்லை என்றார் டாக்டர். பூசிக்கொண்டார். செப்டம்பரில் சோதனை, அக்டோபரில் விஷயம் வெளியே வந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் அழுதுகொண்டே தான் குற்றமற்றவள் என்றார். டாக்டர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு பதவி விலகினார்.

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற வரியில் க்ளோஸ்டெபால் என்று பெயரே அச்சாகியிருக்கிறது. அது போதாதென்று, 'டோப்பிங்' என்று எழுதி வட்டம் போட்டு, குறுக்கே கோடு கிழித்த எச்சரிக்கை முத்திரையும் உண்டு. நுணுக்கி எழுதிய துண்டுச்சீட்டைப் பிரித்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. டப்பாவைக் கையில் எடுத்தால் கண்ணில் படும். 28 வயது, உலக சாம்பியன், 18 வயதில் இருந்தே பெரிய போட்டிகளில் ஓடுபவர். ட்யூபைப் பிதுக்கினார், டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. மன்றம் பிடித்துக்கொண்டது இதைத்தான். டாக்டர் படித்திருக்க வேண்டும், வாஸ்தவம். ஆனால் உடம்பு யாருடையதோ அவர்தான் பொறுப்பு என்பது ஊக்கமருந்துச் சட்டத்தின் முதல் பாடம். அது இல்லாவிட்டால் நாளைக்கு மாட்டுகிற ஒவ்வொருவரும் ஒரு டாக்டரைக் கையோடு கூட்டிவருவார்.

நார்வே விளையாட்டு அமைப்பு முதலில் கொடுத்தது 13 மாதம். கணக்குப் போட்டால் 2017 நவம்பரில் முடிந்துவிடும். 2018 பிப்ரவரியில் பியாங்சாங் ஒலிம்பிக்குக்கு வசதியாகப் பெட்டி கட்டலாம். சர்வதேச பனிச்சறுக்குச் சங்கம் இது போதாது என்று மேல்முறையீடு செய்தது. 2017 ஆகஸ்டில் 18 மாதம் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கூடுதல் ஐந்து மாதம் ஒலிம்பிக்கை விழுங்கிவிட்டது. நார்வேயில் பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை. ஒலிம்பிக் வருகிறதே என்று பார்த்துத் தடையைக் கத்தரித்தால் அது தடையா, விடுமுறையா?

அந்த நாட்டவரிடம் எனக்கு ஒரு சிறு கேள்வியும் உண்டு. அதே 2016 ஜூலையில்தான் அவர்களுடைய இன்னொரு நட்சத்திரம் மார்ட்டின் யோன்ஸ்ருட் சுண்ட்பி ஆஸ்துமா மருந்தை அளவுக்கு மேல் எடுத்ததாக இரண்டு மாதத் தடை வாங்கினார். பல கட்டங்களாக நடக்கும் டூர் டி ஸ்கி தொடரில் 2015-ல் வாங்கிய பட்டமும் 2014-15 பருவத்தின் உலகக் கோப்பைப் பட்டமும் கையைவிட்டுப் போயின. அங்கேயும் அணி டாக்டரின் ஆலோசனைதான். ரஷ்யர்களின் ஊக்கமருந்து ஊழல் உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்த வருடம் அது. ஒரு ரஷ்யப் பெண் வந்து உதட்டு கிரீம் என்று சொல்லியிருந்தால் ஒஸ்லோவில் எத்தனை பேர் தலையாட்டியிருப்பார்கள்?

இதே மருந்து பிறகு டென்னிஸையும் எட்டியது. 2024-ல் இத்தாலியின் யானிக் சின்னரிடம் க்ளோஸ்டெபால் சிக்கியது. அவருடைய பிசியோ தன் விரல் காயத்துக்கு அடித்துக்கொண்ட ஸ்ப்ரே, மசாஜ் வழியாகச் சின்னர் உடம்புக்குப் போனதாம். அதையும் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்போடு சமரசமாகி 2025-ல் மூன்று மாதத் தடை. ஒரு கிராண்ட் ஸ்லாம்கூடத் தவறவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சின்னர் தானே எடுத்துப் பூசவில்லை, யோஹாவ்க் பூசினார். ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 18-க்கும் 3-க்கும் நடுவில் உள்ள தூரம் உறுத்தத்தான் செய்கிறது.

சரி, தங்கத்துக்கு வருவோம். உலக சாம்பியன்ஷிப்பில் அவர் வாங்கிய தங்கம் மொத்தம் 14. தடைக்கு முன் ஏழு, பின் ஏழு. 2011-ல் ஒஸ்லோவின் ஹோல்மன்கோலனில், சொந்த ஜனங்கள் முன்னால், அணித்தோழி மாரிட் பியோர்கனையே முந்தி 30 கிலோமீட்டரை வென்றது முதல் கணக்கில் வரும். 2019-ல் சேஃபெல்டில் மூன்று, 2021-ல் ஓபர்ஸ்டோர்ஃபில் நான்கு என்பவை இரண்டாவது கணக்கு. தடையில் இருந்தாலும், திரும்ப ஓட நினைப்பவர் சோதனைக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிடத்தான் வேண்டும். அதில் விதிவிலக்கு கிடையாது. 2016-ல் உதட்டில் பூசியது 2021-ல் காலுக்கு வேகம் கொடுத்தது என்று நீங்கள் சொல்வதானால், அந்தக் கிரீமை எல்லோருமே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அவர் எதனால் ஜெயித்தார் என்று பார்க்க இத்தாலியின் ஆல்ப்பே சேர்மிஸ் மலைக்குப் போக வேண்டும். டூர் டி ஸ்கி தொடரின் கடைசிக் கட்டம் அங்கேதான். சறுக்கி இறங்குவதற்காக வெட்டிய சரிவில் இவர்களை ஏறச் சொல்வார்கள். சில இடங்களில் சாய்வு 28 சதவீதம். பெரிய உடம்புக்காரர்கள் அங்கே நீளமாக ஒரு தள்ளு தள்ளி, அடுத்த தள்ளுக்குள் பாதி வேகத்தை இழந்துவிடுவார்கள். யோஹாவ்க் ஆள் சிறிசு. குட்டிக் குட்டி அடிகளை இடைவெளியே இல்லாமல் டக்டக்கென்று வைத்துக்கொண்டு போவார். வேகம் விழுவதற்கு நேரமே கொடுக்கமாட்டார். 2014-லும் 2016-லும், மொத்த நேரத்தில் முந்தியிருந்ததால் அவருக்கு முன்னால் கிளம்பிய சக நார்வேக்காரிகளை அந்த ஏற்றத்தில் எட்டிப்பிடித்துத்தான் பட்டம் வாங்கினார். இரண்டுமே கிரீமுக்கு முந்தைய பட்டங்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒலிம்பிக் கதை வேறு. 2010 வான்கூவரில் தொடரோட்டத் தங்கம் உண்டு. தனியாக வாங்கிய தங்கம் வெகுநாள் வரை ஒன்றுகூட இல்லை. சோச்சியில் ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். பியாங்சாங்கில் 30 கிலோமீட்டர் கிளாசிக் பாணியில், அதாவது சறுக்குப் பலகைகளை இணையாக வைத்து ஓடும் பழைய முறையில், நடந்தது. அதே போட்டியில் முந்தைய உலக சாம்பியன்ஷிப் ஒன்றில் அவர் தங்கம் வாங்கியிருந்தார். 29 வயது, நல்ல பருவம். 37 வயது பியோர்கன் கிட்டத்தட்ட இரண்டு நிமிட இடைவெளியில் வென்றபோது யோஹாவ்க் போட்டியிலேயே இல்லை. டப்பாவைத் திருப்பிப் பார்க்காததற்கு அவர் கொடுத்த உண்மையான விலை இதுதான். நான்கு வருடம் கழித்து, 33 வயதில், பெய்ஜிங்கில் அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அவருடையது. 10 கிலோமீட்டரில் பின்லாந்தின் கெர்ட்டு நிஸ்கனனை வென்ற இடைவெளி 0.4 விநாடி. கடைசி நாள் 30 கிலோமீட்டரில் ஒன்றே முக்கால் நிமிடம். ஆக மூன்று.

அத்தோடு ஓய்வு பெற்றார், 2023-ல் மகள் பிறந்தாள். சொந்த நாட்டில், ட்ரோன்ஹைமில், உலக சாம்பியன்ஷிப் நடக்கிறது என்றதும் மறுபடி வந்துவிட்டார். 2025 ஜனவரியில் நான்காவது முறையாக டூர் டி ஸ்கி பட்டம். ட்ரோன்ஹைமில் பதக்கங்கள் வந்தன, தங்கம் வரவில்லை. எப்பா ஆண்டர்சன், ஃப்ரிடா கார்ல்சன் என்ற இரண்டு ஸ்வீடன் பெண்கள் முன்னால் போய்விட்டார்கள். அந்தத் தோல்விகளையும் கிரீம் கணக்கில் எழுதுவீர்களா, அல்லது ஜெயித்ததை மட்டும்தானா?