துபாய்க்கு அட்டெஸ்ட் செய்த டிகிரி கனடாவுக்குச் செல்லுமா?

தொண்டியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நான் ராமநாதபுரத்தில், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்சி. முடித்து, மூன்று வருஷம் பள்ளியில் டீச்சராக இருந்தேன். கணவர் கீழக்கரையில் பி.இ. படித்து 2011ல் முடித்தவர். துபாயில் வேலை பார்க்கிறார். கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போட நினைக்கிறோம். அவர் டிகிரி ஏற்கெனவே டெல்லி வரை போய் அட்டெஸ்ட் ஆகிவிட்டது. அது போதாதா? இங்கே ஒரு ஏஜென்ட் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?"

போதாது. அட்டெஸ்டேஷன் வேறு, மதிப்பீடு வேறு. வெளியுறவுத் துறையும் அமீரகத் தூதரகமும் போட்ட முத்திரைகள், அந்தச் சான்றிதழில் உள்ள கையெழுத்தும் சீலும் உண்மையானவை என்று மட்டும்தான் சொல்கின்றன. அந்தப் படிப்பு கனடாவில் எந்தப் படிப்புக்குச் சமம் என்று அவை சொல்வதில்லை. அதைச் சொல்வது இ.சி.ஏ. என்ற மதிப்பீட்டு அறிக்கை. ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்குள் ஆவணம் உண்மையானது என்று காட்டும் முத்திரைதான் அப்போஸ்டில். 2024 ஜனவரி 11 முதல் கனடாவும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. 'அப்போஸ்டில் போட்டால் போதும்' என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். இ.சி.ஏ.வுக்கு அது மாற்று இல்லை.

இந்த அறிக்கையைக் கனடா குடியேற்றத் துறை (ஐ.ஆர்.சி.சி.) அங்கீகரித்த அமைப்புகளிடம்தான் வாங்க வேண்டும். பொதுப் படிப்புகளுக்கு வெஸ் (WES), ஐகாஸ் (ICAS), டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சி.இ.எஸ். போன்றவை இருக்கின்றன. நம் ஊரிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் வெஸ்ஸைத்தான் தேர்வு செய்கிறார்கள். கீழே சொல்வதும் அதன் நடைமுறையை வைத்துத்தான். டாக்டர், பார்மசிஸ்ட் என்றால் அவரவர் தொழில் கவுன்சில் வழியாகப் போக வேண்டும். நீங்கள் கனடாவிலும் டீச்சராக வேண்டுமென்றால் அந்த மாகாணத்தின் ஆசிரியர் உரிமம் தனியாக வாங்க வேண்டும், இ.சி.ஏ. அந்த உரிமம் ஆகாது.

முதலில் உங்கள் இருவரில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்று கணக்குப் போடுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது புள்ளிகளை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் குடியேற்ற முறை. அதில் துணையோடு போகும்போது முதன்மை விண்ணப்பதாரரின் படிப்புக்கு மாஸ்டர்ஸ் என்றால் 126 புள்ளி, பேச்சலர்ஸ் என்றால் 112. துணையின் படிப்புக்கு மாஸ்டர்ஸ் 10, பேச்சலர்ஸ் 8. உங்கள் எம்.எஸ்சி. மாஸ்டர்ஸாக ஏற்கப்பட்டால், நீங்கள் முதன்மை என்றால் 126+8=134; கணவர் முதன்மை என்றால் 112+10=122. படிப்பில் மட்டும் 12 புள்ளி வித்தியாசம். வயது, ஆங்கிலத் தேர்வு, வேலை அனுபவம் எல்லாம் சேர்ந்தால் தராசு எந்தப் பக்கமும் சாயலாம். அதனால் இருவருக்கும் இ.சி.ஏ. எடுங்கள். துணைக்கு எடுக்காவிட்டால் துணையின் படிப்புக்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. உங்களுக்கு எம்.எஸ்சி.யோடு பி.எஸ்சி. ஆவணங்களையும் அனுப்புவது நல்லது. எம்.எஸ்சி. தொலைநிலை என்பதால், நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருந்ததா என்று யு.ஜி.சி. இணையதளத்தில் ஆண்டுவாரியாக உள்ள பட்டியலில் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்.

இனி வேலை நடக்கும் இடம். வெஸ் இணையதளத்தில் 'ஐ.ஆர்.சி.சி.க்கான இ.சி.ஏ.' என்பதையே தேர்ந்தெடுத்துக் கணக்குத் தொடங்குங்கள். படிப்புக்கான வேறு ரிப்போர்ட் வாங்கினால் குடியேற்றத்துக்குச் செல்லாது. பணம் கட்டியதும் ஒரு ரெஃபரன்ஸ் எண்ணும், அனுப்ப வேண்டிய ஆவணங்களின் பட்டியலும் வரும். பட்டச் சான்றிதழை நீங்களே கலரில் ஸ்கேன் செய்து ஏற்றலாம். மதிப்பெண் பட்டியலை, அதாவது டிரான்ஸ்கிரிப்ட்டை, பல்கலைக்கழகம்தான் நேரடியாக அனுப்ப வேண்டும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். படித்த கல்லூரிக்குப் போய் பிரின்சிபாலிடம் சீல் வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். இணைப்புக் கல்லூரி பட்டம் தருவதில்லை, பல்கலைக்கழகம்தான் தருகிறது. உங்கள் இரண்டு பட்டங்களுக்கும் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத் தேர்வாணையர் அலுவலகம். அங்கே டிரான்ஸ்கிரிப்ட் விண்ணப்பத்தோடு வெஸ் படிவத்தையும் நிரப்பிக் கொடுங்கள். அவர்கள் படிவத்தையும் டிரான்ஸ்கிரிப்ட்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் குறுக்கே சீலும் கையெழுத்தும் போட வேண்டும். உறையின் மேல் ரெஃபரன்ஸ் எண் இருக்க வேண்டும். அது இல்லாத உறை யாருடையது என்று தெரியாமல் கிடக்கும். அந்த உறையை உங்கள் கையில் கொடுத்தால், 'உள்ளே சரியாக இருக்கிறதா' என்று பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். பிரித்த உறைக்கு மதிப்பில்லை; திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பல்கலைக்கழகம் ஆன்லைனில் அனுப்ப வழி வைத்திருந்தால் அதுவே உத்தமம்.

கணவருக்கு வேறொரு சிக்கல். 2007க்கும் 2012க்கும் இடையில் அண்ணா பல்கலைக்கழகம் ஊர்வாரியாகப் பிரிந்திருந்தது. 2012ல் மறுபடி ஒன்றானது. அவர் சான்றிதழின் தலைப்பில் சென்னை இல்லாமல் வேறு ஊர்ப் பெயர் இருக்கலாம். வெஸ் கணக்கில் பல்கலைக்கழகத்தின் பெயராகச் சான்றிதழில் அச்சாகியுள்ளதையே போடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட்டுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பியுங்கள். அவர் துபாயில் இருந்தபடியே, அதிகாரக் கடிதம், பாஸ்போர்ட் நகல், மதிப்பெண் பட்டியல் நகல்களோடு வேறொருவரை அனுப்பலாம். அரியர் எழுதித் தேறிய பேப்பர் இருந்தால் அந்தப் பட்டியலையும் விட்டுவிட வேண்டாம்.

கன்வொகேஷன் சான்றிதழ் வாங்கியாயிற்றா என்றும் பாருங்கள். நம் கரையோர ஊர்களில் படிப்பு முடிந்த கையோடு விமானம் ஏறுகிறவர்கள் ப்ரொவிஷனல் என்ற தற்காலிகச் சான்றிதழோடு நின்றுவிடுகிறார்கள். வளைகுடாவில் அதை வைத்துப் பல வருஷம் ஓட்டியிருப்பார்கள். இங்கே பட்டச் சான்றிதழ் வேண்டும். முதலில் கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு வராதவர்களுடையது அங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். உப்புக் காற்றில் காகிதம் பழுக்கிறது என்று சான்றிதழை லேமினேட் செய்திருந்தால், ஸ்கேனுக்கு அது தடையில்லை. வெளிச்சம் பட்டு எழுத்து மறையாமல் எடுத்தால் போதும். ஆனால் பின்னால் அட்டெஸ்டேஷனுக்குப் போக வேண்டிய எதையும் லேமினேட் செய்யாதீர்கள். முத்திரை காகிதத்தின் மேல்தான் விழ வேண்டும்.

பெயர்தான் எல்லாவற்றிலும் பெரிய தலைவலி. முகமது என்ற பெயரை ஆங்கிலத்தில் நடுவில் ஒரு 'எம்' போட்டும் எழுதுகிறோம், இரண்டு போட்டும் எழுதுகிறோம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அந்தோணியில் 'எச்' ஒரு சான்றிதழில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மதிப்பெண் பட்டியலில் பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயராக நிற்கும். வெஸ் கணக்கை பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அப்படியே தொடங்குங்கள். படிவத்தில் 'சான்றிதழில் உள்ள பெயர்' என்ற இடத்தில் பழைய வடிவத்தை எழுதுங்கள். இனிஷியலைத் தாண்டிய வேறுபாடு இருந்தால், இரண்டும் ஒரே ஆளைக் குறிக்கும் என்று நோட்டரி முன் அஃபிடவிட் எடுத்து ஏற்றுங்கள். திருமணத்துக்குப் பின் பாஸ்போர்ட்டில் பெயர் மாறியிருந்தால் திருமணப் பதிவுச் சான்று. இதை விண்ணப்பிக்கும்போதே செய்தால் ஒரு மாலை வேலை. ஃபைல் நின்ற பிறகு செய்தால் எவ்வளவு நாள் இழுக்கும் என்று சொல்ல முடியாது.

இ.சி.ஏ. அறிக்கை கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு செல்லும். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு முடிவு இரண்டு ஆண்டுதான். ஆகவே டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு இன்றே விண்ணப்பித்துவிட்டு, உறை போய்ச் சேர்ந்த பிறகு ஆங்கிலத் தேர்வு தேதியை எடுங்கள்.

ஏஜென்ட் விஷயம். திருவாடானை, தேவகோட்டை வழியாகக் காரைக்குடி பஸ் பிடித்துப் போகிற வேலைக்கு உங்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை. சென்னைக்கு ஆள் அனுப்ப முடியவில்லை என்றால் அந்த ஒரு வேலையை மட்டும், கூலி பேசி, ரசீதோடு கொடுங்கள். வெஸ் கணக்கின் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கட்டும். 'பேச்சலர்ஸை மாஸ்டர்ஸாக ஏற்றித் தருகிறேன்', 'அனுபவக் கடிதம் ரெடி பண்ணுகிறேன்' என்று ஒரு வார்த்தை வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் பிடிபட்டால் கனடா சட்டப்படி ஐந்து ஆண்டு தடை. விண்ணப்பம் ஏஜென்ட் போட்டிருந்தாலும் தடை விழுவது உங்கள் பெயரில்.