பாலக் ஸ்மூத்தி: கசப்புக்கும் நாருக்கும் வழி

பாலக், அன்னாசி, பால் மூன்றையும் ஒன்றாக மிக்ஸியில் அடித்தால் கசப்பும் நாருமாக வருகிறது, மகள் தொடவே மாட்டேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். பாவம், கீரை மேல் பெரிதாகத் தப்பில்லை. அன்னாசியிலுள்ள புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைக்கிறது, கசப்பு அதனால்தான். பாலுக்குப் பதில் இளநீர் ஊற்றுங்கள்.

நாருக்கு, தண்டைக் கிள்ளிவிட்டு ஒரு கைப்பிடி இலையை மட்டும் சட்னி ஜாரில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு மையாக அரையுங்கள். அப்புறம்தான் பழம். முந்தின இரவே நறுக்கி ஃப்ரீசரில் வைத்த வாழைப்பழம் ஒன்று சேர்த்தால் நல்ல கெட்டியாக வரும், ஐஸ்கட்டியே வேண்டாம். ரொபஸ்டா நல்லது, பூவன் கொஞ்சம் புளிக்கும்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல் இருந்தால் அவர்களுக்குத் தினமும் பாலக் கொடுக்காதீர்கள், அதில் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம்.