பிள்ளைகள் கேட்கும் ‘ஏன்’: ஆச்சி பதில்கள்

(காரைக்குடிப் பக்கம் 31 ஆண்டுகள் பாலர் வகுப்பு எடுத்து ஓய்வுபெற்ற ஆச்சி, பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

காரைக்குடி: ஆச்சி, நான்கு வயது மகன் நாள் முழுவதும் ‘ஏன்’ என்கிறான். பொறுமை போய்விடுகிறது.

ஆச்சி: பாதி ‘ஏன்’களுக்கு ‘என்னோடு பேசு’ என்றுதான் பொருள். ‘உனக்கு என்ன தோன்றுகிறது?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் இதை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஒரு விநாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை. மூன்று விநாடி பொறுத்தபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. அவர்களே கேள்வியும் கேட்டார்கள். நான் மனத்துக்குள் மூன்று முறை ‘பிள்ளையார்பட்டி’ என்று சொல்லிக்கொள்வேன். வாயை அடைக்க மட்டும் கைபேசியைக் கொடுத்துவிடாதீர்கள்.

தேவகோட்டை: வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஏன் முகம் தெரிகிறது என்கிறாள் மகள். என்ன சொல்வது?

ஆச்சி: சொல்லாதீர்கள், ஆத்தங்குடிக்கே கூட்டிப் போங்கள். நான் பேரனைக் கூட்டிப் போனேன். கண்ணாடிமேல் சட்டம் வைத்து, பூ அச்சை இறக்கி, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் அறை அறையாக ஊற்றினார்கள். அச்சை எடுத்ததும் சிமெண்டும் மணலும் போட்டு மட்டப்படுத்தினார்கள். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் கல் இறுகுகிறது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம்தான் கல்லின் முகம். பேரன் கேட்டான்: “ஆயா, கல்லுக்குக் கொடுத்துவிட்டதால் கண்ணாடிக்குப் பளபளப்புக் குறைந்துவிட்டதா?” வேலை செய்தவர் கையை நிறுத்தி, ஒரு கண்ணாடியைத் துடைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். மூவரும் பார்த்தோம். குறையவில்லை. அதன் வழவழப்பைத்தான் கல் அப்படியே வாங்கிக்கொள்கிறது. பிறந்ததிலிருந்து அந்தத் தரையில் நடக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

கண்டனூர்: ஆச்சி சொல்வது தவறு. எங்கள் வீட்டு வளவில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதால்தான் பளபளப்பு.

ஆச்சி: எண்ணெய் பளபளப்பைக் காப்பாற்றும் ஐயா, உண்டாக்காது.

பள்ளத்தூர்: பெரியவர் சொல்வதுதான் சரி. பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டில் கல் மங்கிவிட்டது.

ஆச்சி: புழுதி படிந்தால் கண்ணாடியும்தான் மங்கும். நாம் வாதாடுவதை விடப் பிள்ளையிடம் கேட்போம். இரண்டு கல்லைக் காட்டி, ஒன்றில் மட்டும் எண்ணெய் தடவச் சொல்லுங்கள்.

புதுவயல்: என் மகளும் ஓயாமல் ஏன் ஏன் என்கிறாள். நிறுத்த வழி உண்டா?

ஆச்சி: முதல் பதிலைப் படியுங்கள். நிறுத்த வழி கேட்காதீர்கள்.

கோட்டையூர்: இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை.

ஆச்சி: குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

குன்றக்குடி: ஏன் ஏன் என்று கேட்பவனிடம் கைபேசியைக் கொடுத்தால் அமைதியாகிறான். தவறா?

ஆச்சி: தவறு. அவன் கேட்டது கைபேசியை அல்ல, உங்களை.

கண்டனூர்: ஆச்சி, பேரனோடு செய்து பார்த்தேன். எண்ணெய் தடவாத கல்லிலும் முகம் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணெய்க் கல்லுக்கு எறும்பு வந்துவிட்டது. எறும்புக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கிறான்.

ஆச்சி: அருமை ஐயா! பதில் சொல்லிவிடாதீர்கள். முதல் எறும்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவனையே பார்க்கச் சொல்லி எழுதுங்கள். நானும் காத்திருக்கிறேன்.