மலைச்சரிவில் ஒரு விருந்தினர் குடில் (வாசகர் கேள்விகள், பொறியாளர் பதில்கள்)

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக இருபது சென்ட் நிலம் சரிவாகக் கிடக்கிறது. ஓரிரவு தங்கிப் போகிறவர்களுக்காக இரண்டு அறைக் குடில் கட்ட நானும் கணவரும் நினைக்கிறோம். வசதியாக இருக்க வேண்டும், மலையையும் கெடுக்கக் கூடாது. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி முழுக் கண்ணாடிச் சுவர் வைத்து ஒருவர் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். கட்டலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: படத்தைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள் அம்மா. முதலில் ஒரு பெருமழையில் குடையோடு போய் அந்த நிலத்தில் நில்லுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் கனமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோனது. அதை நினைவில் வைத்துத்தான் மலையில் வரைபடத்தின் ஒவ்வொரு கோட்டையும் போட வேண்டும்.

தண்ணீர் போகும் தடத்தை விட்டுவிட்டு, சரிவின் நடுப்பகுதியில் இடம் தேர்ந்தெடுங்கள். இரவில் குளிர்காற்று கீழே இறங்கிப் பள்ளத்தில் தங்கும், உறைபனியும் அங்கேதான் முதலில் விழும். சரிவை வெட்டிச் சமதளம் ஆக்காதீர்கள். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் பொக்லைன் இறக்கவும் முடியாது. சரிவோடு சரிவாகப் படிப்படியாக அஸ்திவாரம் போட்டு, கீழ்ப்பக்கத்தைத் தூண்களில் நிறுத்தினால் மண்ணும் அசையாது, தரைக்கு அடியில் காற்றும் ஓடும்.

அந்தக் காற்றோட்டத்தை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மலை விடுதியில் தங்கிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். குளிராக இருந்தது என்று குறை சொல்பவர்கள் குறைவு, குளிருக்காகத்தானே வருகிறார்கள்? கம்பளி நசநசவென்று இருந்தது, சுவரில் பூஞ்சை வாடை அடித்தது, நனைந்த சாக்ஸ் காலையிலும் காயவில்லை என்றுதான் சொல்வார்கள். உங்கள் குடிலை ஈரமில்லாமல் வைத்துவிட்டால் முக்கால் வசதி வந்துவிட்டது.

சுவருக்கு ஒன்பது அங்குலச் செங்கல் போதும். கூரையைச் சுவரிலிருந்து மூன்றடியாவது வெளியே நீட்டுங்கள், சாரல் சுவரில் படக் கூடாது. தகரக் கூரை போட்டால் இரவில் அதன் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும், மழைச் சத்தத்தில் தூங்கவும் முடியாது. ஓடு போட்டு, அதற்குக் கீழே பலகையில் உள்கூரை அடித்து, இடையில் பாறைக் கம்பளி எனப்படும் ராக்வூல் நிரப்பச் சொல்லுங்கள். வெப்பம் அதிகமாகப் போவது மேலே வழியாகத்தான், ஆகவே பணத்தையும் அங்கே போடுங்கள்.

இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவர் ஒன்றே இருக்கட்டும். ஹட்டி எனப்படும் படகர் ஊர்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்பதை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். அண்டை வீட்டு அடுப்பின் சூடு நமக்கும் வரும் ஏற்பாடு அது. தோடர்களின் வளைந்த கூரைக் குடிசைக்கு வாசல் தவழ்ந்து நுழையும் அளவுதான், உள்ளிடமும் சிறியது, உடம்பின் சூடே பாதி வேலையைப் பார்த்துவிடும். நீங்களும் அறையைப் பெரிதாக்காதீர்கள். பத்துக்குப் பன்னிரண்டு, உட்கூரை எட்டரை அடி என்றால் இருவருக்குத் தாராளம்.

இப்போது கண்ணாடிக்கு வருவோம். ஒற்றைக் கண்ணாடி வழியே போகும் வெப்பம், அதே பரப்புள்ள செங்கல் சுவர் வழியே போவதைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உங்கள் பள்ளத்தாக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று எழுதவில்லை. கிழக்கிலும் தெற்கிலும் நல்ல அளவு ஜன்னல் வையுங்கள். மலையில் காலையில்தான் வானம் தெளிந்திருக்கும், மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடும். டிசம்பர் நண்பகலில் சூரியன் உங்கள் ஊரில் தெற்கே சாய்ந்து சுமார் 55 டிகிரி உயரத்தில் நிற்கும், தெற்கு ஜன்னல் வழியே தரையில் வெயில் விழும். காட்சிக்காக ஒரு இடத்தில் மட்டும் பெரிய ஜன்னல், அதில் இரட்டைக் கண்ணாடி, உள்ளே கனத்த திரை. சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டாம்.

தண்ணீர்க் கணக்கை நீங்களே போடலாம். கூரை 60 சதுர மீட்டர், மழை ஆண்டுக்கு 1,500 மி.மீ. என்று வையுங்கள். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 72,000 லிட்டர் சேரும். ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். நான்கு பேர், ஆளுக்கு நாளைக்கு 60 லிட்டர் என்றால் அந்த மூன்று மாதத்துக்கு 21,600 லிட்டர். ஆகவே 22,000 லிட்டருக்குக் குறையாத தொட்டி கட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கு உங்கள் மாவட்டத்தில் தடை இருப்பதால் குடிநீர் வடிகட்டிக்கும் ஓர் இடம் வேண்டும்.

கழிவறையில்தான் பலர் மலையைக் கெடுக்கிறார்கள். உறிஞ்சு குழி வெட்டிச் சரிவுக்குள் தண்ணீரை விட்டால் மண் ஊறி ஊறி இளகும். கீழே ஊற்று இருந்தால் அதுவும் போச்சு. செப்டிக் டேங்கிலிருந்து வரும் நீரை, அடியில் ஷீட் விரித்த ஜல்லிப் படுகையில் விட்டு, அதில் கல்வாழை நடுங்கள். வெளியே வருவதைத் தேயிலைக்குப் பரப்பிப் பாய்ச்சலாம், ஒரே இடத்தில் கொட்டக் கூடாது.

அனுமதி விஷயம்: உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீடு என்று அனுமதி வாங்கி விடுதியாக நடத்தினால் சீல் வைத்துவிடுவார்கள். விடுதி என்றே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: சுவிட்சர்லாந்தில் மோன்டே ரோசா மலையில் பளபளவென்று ஒரு மலைக்குடில் இருக்கிறதாமே. நம் மலைகளிலும் அதுபோல் கட்டினால் என்ன?
— மலையேற்ற ஆர்வலர் ஒருவர், கோவை

பதில்: அது 2,883 மீட்டர் உயரத்தில் பனியாறுகளுக்கு நடுவே நிற்கிறது. சூரிக் நகரின் ஈடிஹெச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சுவிஸ் ஆல்பைன் சங்கமும் சேர்ந்து உருவாக்கி 2009-இல் திறந்தார்கள். வெளியே அலுமினியம், உள்ளே மரம், தெற்கு முகத்தில் சூரியப் பலகைகள், சுமார் 120 படுக்கைகள். சாலையே இல்லாத இடம் என்பதால் கீழே செய்த மரப் பாகங்களை ஹெலிகாப்டரில் தூக்கிப் போனார்கள். கோடையில் உருகும் நீரைச் சேமித்து வைக்கிறார்கள், கழிவுநீரைச் சுத்தம் செய்து கழிவறைக்கே திருப்புகிறார்கள்.

நமக்கு அந்த அலுமினியமும் வேண்டாம், ஹெலிகாப்டரும் வேண்டாம். கற்றுக்கொள்ள வேறு இருக்கிறது. கட்டடத்தை உருட்டித் திரட்டிய மாதிரி கச்சிதமாக வைத்தார்கள், குளிர் படும் வெளிப்பரப்பு குறைந்துவிடுகிறது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: ஆல்ப்ஸ் குடில்களில் தங்குகிறவர் தன் படுக்கைக்கான துணி உறையைத் தானே கொண்டுவர வேண்டும். மூடுபனியில் விரிப்புகள் காயாமல் திண்டாடும் நம் மலை விடுதிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. தினமும் நான்கு விரிப்பு துவைக்கும் தண்ணீரும் சோப்பும் மிச்சம். கோத்தகிரி வாசகியும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: விருந்தினர் அறையில் குளிர்காய என்ன வைக்கலாம்? கரியடுப்பு போதுமா?
— ஒரு வாசகர், கூக்கால்

பதில்: கரியடுப்பை அறைக்குள் வைக்கவே வைக்காதீர்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே தெரியாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். புகைபோக்கி வைத்த மூடிய இரும்பு அடுப்பு என்றால் சரி, அதற்கும் வெளிக்காற்று வரத் தனித் துளை வேண்டும், அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வேண்டும்.

ஆனால் ஓரிரவு தங்குகிறவருக்கு அறை முழுவதும் சூடேற்ற வேண்டியதில்லை. இரவு ஒரு வெந்நீர்ப் பை, காலையில் குளிக்க வெந்நீர், இது இரண்டும் போதும். ஒருவர் குளிக்கும் 20 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர அரை யூனிட் மின்சாரத்துக்குச் சற்று மேலே ஆகும். வெயில் நாளில் சோலார் ஹீட்டர், பனிமூட்ட நாளில் விறகு பாய்லர். பாய்லரை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, அதன் மறுபக்கத்தில் ஈரத் துணி காயப்போட ஓர் அலமாரி கட்டுங்கள். விறகுக்குச் சீகை மரம் (வாட்டில்) நல்லது. சொந்த நிலத்து மரமானாலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து இருக்கிறது, அனுமதி வாங்கிவிட்டு வெட்டுங்கள்.