மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனநோய்) உள்ளவர் முகம் பார்த்துப் பேசுவதில்லை, சிரிப்பும் அழுகையும் இல்லை. பாசமே போய்விடுமா?

இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன். பாசம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நான் மருத்துவர் இல்லை, இந்த நோய் உள்ள அண்ணனை 11 வருடமாகப் பார்த்துக்கொள்பவள்.

அப்பா இறந்த அன்று அண்ணன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பெத்த அப்பன் போயிட்டான், கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கானே" என்று என் காதுபடவே சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது இன்னும் உறுத்துகிறது. ராத்திரி அவன் அறைக்குப் போனேன். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தான். முகத்தில் ஒன்றுமில்லை. விரல்கள் மட்டும் நடுங்கின.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1990களில் ஆன் கிரிங் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் இந்த நோய் உள்ளவர்களுக்குப் படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். முகத்தில் தெரிந்தது குறைவு. ஆனால் மற்றவர்களுக்கு இருந்த அளவு உணர்ச்சி தங்களுக்கும் இருந்ததாகவே அவர்கள் சொன்னார்கள். சில மாத்திரைகளாலும் முகம் இறுகும், கண் இமைப்பது குறையும். அப்படித் தோன்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கண்ணைப் பார்க்காததற்கு அண்ணனே ஒருநாள் காரணம் சொன்னான்: "நீ பார்த்தா உள்ளே இருக்கறதெல்லாம் தெரிஞ்சுடுற மாதிரி இருக்கு." அன்றோடு "என்னைப் பார்த்துப் பேசு" என்று அதட்டுவதை விட்டேன்.

எல்லாருக்கும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. "எதிலும் ஆர்வம் குறைவதும் இந்த நோயில் உண்டே" என்று யாராவது கேட்பீர்கள். உண்டு, மறுக்கவில்லை. முகத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

   

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நாங்கள் துணி மடித்துக்கொண்டே பேசுவோம். போன வாரம் சட்டையை மடித்தபடி, தலை நிமிராமல், "அப்பா காலரை இப்படி மடிக்க மாட்டார்" என்றான்.