"மாத்திரையை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டுங்கள்" என்கிறார்கள்

ஆலோசகர் அவர்களுக்கு ஸ்தோத்திரம். என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறுகிறது. ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நான் ஒருத்திதான். ஜெபிக்க வருகிறவர்கள், "மறைவான பாவம் இருக்கிறது, அறிக்கையிடுங்கள்" என்கிறார்கள். ஒருவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். முழங்கால் போட்டாலே கோபம்தான் வருகிறது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தால் நல்லது என்றுகூடத் தோன்றுகிறது. என் விசுவாசம் செத்துவிட்டதா?

- ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் திடீரென்று விட்டால், மறுபடி பக்கவாதம் வரும் ஆபத்து கூடும். அப்படிச் சொன்னவரிடம் 2 இராஜாக்கள் 20-ஐ வாசிக்கக் கொடுங்கள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவைக் குணமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்கிறார். அதைப் பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், மருந்தாகப் பற்றுப்போடுகிறார்கள்.

"போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற நினைப்பை மட்டும் தனியாகச் சுமக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழே, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். அவருக்குக் கண்டிப்பு வரவில்லை. தூக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன, அதுவும் இரண்டு தடவை. ஓரேப் மலைக்கு அவர் நடந்தது அதற்குப் பிறகு. உங்களுக்கும் முதல் தேவை தொடர்ச்சியாக நாலு மணி நேரத் தூக்கம். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. இன்றைக்கே பேசுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இந்த நினைப்பு இருப்பதைச் சொல்லிவையுங்கள். மனச்சோர்வும் பசியின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல, உடம்பு ஓய்ந்துபோனது.

கோபத்தை அடக்கிவிட்டு ஜெபிக்கப் பார்ப்பதால்தான் ஜெபம் வரவில்லை. சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" நாலு தடவை வருகிறது. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. நம்மில் பலர் நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுகிறோம். வாய் துதிக்கிறது, மனசு ஒட்டுவதில்லை. ஒரு நோட்டில் "எதுவரைக்கும்" என்று தொடங்கி உங்கள் வரிகளை நாலு எழுதுங்கள். "எதுவரைக்கும் நான் ஒருத்தியே புரட்டிப் போடுவேன்?" என்பதும் ஜெபம்தான். அதன் கீழே ஒரே ஒரு விண்ணப்பம், அது இன்றைக்கு வேண்டியதாக இருக்கட்டும். மூன்றாம் பகுதி வராவிட்டால் விட்டுவிடுங்கள். சங்கீதம் 88-லும் அது வரவில்லை, இருளோடேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

பாவத்தைத் தேடி வருகிறவர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்தபின் அவர்கள் சொன்னது சரியல்ல என்று 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே கடிந்துகொள்கிறார். வாசலில் வாதாட வேண்டாம். "ஐந்து நிமிஷம் ஜெபியுங்கள், ஆலோசனை வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

போதகரிடம் பொதுவாக "உதவி வேண்டும்" என்றால் யாரும் வரமாட்டார்கள். நேரத்தோடு கேளுங்கள்: சனிக்கிழமை ராத்திரி 10 முதல் 2 வரை, அவரைப் புரட்டத் தெரிந்த இரண்டு பேர். முதல் வாரம் நீங்களே பக்கத்தில் நின்று, விழுந்த கையைப் பிடித்து இழுக்காமல் தோளையும் இடுப்பையும் சேர்த்துத் திருப்பக் காட்டிக்கொடுங்கள்.