பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) முடித்திருக்கிறேன். ரத்த வங்கி வேலைக்குப் போகலாமா, எதிர்காலம் இருக்கிறதா?

போகலாம். பட்டம் வாங்கிய கையோடு யாரோ ஒரு மாமா "ஐ.டி. பக்கம் போயிருக்கலாமே" என்று கிளப்பிவிட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பட்டம் இருந்தால் ரத்தப் பரிசோதனையில் ஆறு மாத அனுபவம், டிப்ளமோ என்றால் ஒரு வருடம். விதி கேட்பது அவ்வளவுதான். சம்பளத்தைப் பற்றி எழுதினால் என் வீட்டிலேயே சண்டை வரும், விட்டுவிடுகிறேன். அமெரிக்காவில் இந்தத் துறைக்கென்றே எஸ்.பி.பி. (Specialist in Blood Banking) என்று ஓர் உயர்நிலைச் சான்றிதழ் உண்டு. இங்கே 14 வருட அனுபவத்துக்குப் பிறகும் எனக்குப் பெயர் "லேப் தம்பி".

ஒரு நவம்பர் மாத மழை இரவு. டெங்கு சீசன், பிளேட்லெட் கேட்டு போன் ஓயவில்லை. அதன் ஆயுளே ஐந்து நாள், அதுவும் 22 டிகிரியில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பவர்களோ ஃபிரிட்ஜில் அடுக்கி வைத்திருக்கிறோம் என்று நினைக்கிறார்கள். இதற்கு நடுவில், சிவப்பணு கேட்டு வார்டிலிருந்து ஓர் அம்மாவின் சாம்பிள். பி பாசிட்டிவ். கிராஸ்மேட்ச், அதாவது சாம்பிளும் பேக் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்கிற சோதனை, போட்டேன், பொருந்தியது. பழைய பதிவேட்டைப் புரட்டினால், ஐந்து மாதம் முன்பு அதே அம்மாவுக்கு ஏ பாசிட்டிவ் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது.

மறுபடி இரண்டு முறை போட்டேன். டியூபில் இருப்பது பி தான். ஆனால் அது அந்த அம்மாவின் ரத்தம்தானா? அதை கிராஸ்மேட்ச் சொல்லாது. பி டியூபோடு பி பேக் பொருந்தத்தான் செய்யும்.

வேறு ஆள் எடுத்த புது சாம்பிள் வேண்டும் என்றேன். டூட்டி டாக்டர் போனிலேயே கத்தினார்: "நீங்க டெக்னீஷியன்தானே, பேக்கை அனுப்புங்க." மகன் நனைந்த ரெயின்கோட்டோடு வந்து நின்றார். "காசு கட்டிட்டோம்ல சார், ஏன் இழுத்தடிக்கறீங்க?" ரத்தத்துக்கு விலை கிடையாது, நீங்கள் கட்டியது பரிசோதனைக் கட்டணம் என்று பாடம் எடுக்கிற நேரமா அது? பேசாமல் இருந்தேன். பேக்கைக் கொடுக்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துப் புது சாம்பிள் வந்தது. ஏ பாசிட்டிவ். பக்கத்துக் கட்டிலில் அதே பெயரில் இன்னொரு அம்மா. முதல் டியூப் அவருடையது. ஏ ஆளுக்கு பி ஏற்றினால் அந்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடையும். சிறுநீரகம் போகும், உயிரும் போகலாம்.

நோயாளி துடிக்கும்போது விதி பேசினாயா என்று யாராவது வருவீர்கள். ஓ குரூப் சிவப்பணு இரண்டு பேக் எடுத்து வைத்து, தாங்காது என்றால் இதை ஏற்றுங்கள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் பி பேக்கை நிறுத்தினேன். அவரையும் நான் குறை சொல்லவில்லை, முந்தின நாள் காலையிலிருந்து டூட்டியில் இருந்தவர்.

நன்றி? யாரும் சொல்லவில்லை, சரி. ஆனால் வீட்டு ஓனர் இருக்கிறாரே! பத்து மாத அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, நைட் டூட்டி முடித்துத் தூங்குகிறவனைப் பதினொரு மணிக்குத் தட்டி எழுப்பி, தண்ணி லாரி வந்திருக்கிறது, குடம் எடு என்கிறார். பகலில் தூங்கினால் வீட்டுக்கு ஆகாதாம். இதைக் கேட்க ஒரு ஆணையம் இல்லை.

இன்டர்வியூவுக்குப் போனால் ஒன்று மட்டும் கேளுங்கள்: இரவு ஷிஃப்டில் எத்தனை டெக்னீஷியன்? அன்றைக்கு நான் ஒருவன்தான்.